விலக்கில் திரும்புங்கள்: நெல்லைச் சீமையில் சைக்கிளுக்கேற்ற சந்தடியில்லாச் சாலைகள்

பாளையங்கோட்டையில் புதிதாகக் கியர் சைக்கிள் வாங்குகிறவர்கள் முதல் ஞாயிற்றுக்கிழமை எங்கே போவார்கள் என்று எனக்குத் தெரியும். நாலுவழிச் சாலைக்குத்தான். அகலமான சாலை, பள்ளம் கிடையாது, போட்டோவும் நன்றாக விழும். நானும் அப்படித்தான் போனேன். நாங்குநேரிக்கு முன்னால் காற்றாலை இறக்கை ஏற்றிய டிரெய்லர் ஒன்று என்னைத் தாண்டியது. தாண்டிக்கொண்டே இருந்தது. அந்த இறக்கை முடிகிற வரைக்கும் ஹேண்டில்பாரை இறுக்கிப் பிடித்துக்கொண்டு மண் ஓரத்தில் நின்றேன். அடுத்த இரண்டு வாரம் சைக்கிள் மாடிப்படிக்குக் கீழேயே கிடந்தது.

சைக்கிள் மேல் குற்றமில்லை, நான் தேர்ந்தெடுத்த சாலைதான் தப்பு. நெல்லைச் சீமையில் காலை ஒரு மணி நேரத்தில் நாலைந்து பைக்கும் ஒரு டிராக்டரும் மட்டுமே கடக்கிற தார்ச்சாலைகள் எத்தனையோ இருக்கின்றன. பெரிய சாலையிலிருந்து அவை பிரிகிற இடத்தை நாம் ‘விலக்கு’ என்போம். அந்த விலக்கில் திரும்பத் தெரிந்தால் போதும். புதிதாக ஆரம்பிக்கிறவர்களுக்காக, நான் தப்புச் செய்து கற்றுக்கொண்ட வரிசையிலேயே எழுதுகிறேன்.

சைக்கிளும் பஞ்சர் சாமானும்

எந்த சைக்கிள் என்று ரொம்ப யோசிக்க வேண்டாம். கையில் இருப்பது ஓடுகிற நிலையில் இருந்தால் அதுவே போதும். புதிதாக வாங்குவதென்றால், பந்தய சைக்கிளின் ஒல்லி டயரை விட்டுவிட்டு 32 முதல் 40 மில்லிமீட்டர் அகல டயர் உள்ளதாகப் பாருங்கள். நம் கிராமச் சாலைகளில் தார் இருக்கும், திடீரென்று ஜல்லி வரும், பிறகு மறுபடி தார் வரும். டயரில் காற்றைக் கல்லு மாதிரி ஏற்ற வேண்டாம். கட்டைவிரலால் அழுத்தினால் கொஞ்சம் அமுங்க வேண்டும்.

பஞ்சர் விஷயத்தில் மட்டும் கவனமாக இருங்கள். இங்கே குளத்துக்கரை முழுக்க சீமைக்கருவேலம். விறகுக்கு வெட்டிப் போகும்போது சிந்திய முள் தாரில் கிடக்கும், கண்ணுக்குத் தெரியாது. ஒரு மாற்று டியூப், பஞ்சர் ஒட்டும் சாமான், கைக்கடக்கமான பம்பு, டயர் கழற்றும் பிளாஸ்டிக் நெம்புகோல் இரண்டு ஆகியவை இல்லாமல் ஊர் எல்லையைத் தாண்டாதீர்கள். வீட்டில் இரண்டு தடவை டியூப் மாற்றிப் பழகிவிட்டு அப்புறம் கிளம்புங்கள். சாலையோரத்தில் முதல்முறையாகப் பழகுவது கஷ்டம்.

இன்னொன்று. வெளிநாட்டு மாடல் சைக்கிள்களின் டியூபில் ஒல்லியான வால்வு இருக்கும். கிராமத்துக் கடைப் பம்பு அதில் பொருந்தாது. மூலைக்கரைப்பட்டிப் பக்கம் ஒரு கடையில் இப்படி மாட்டிக்கொண்டேன். கடைக்கார அண்ணாச்சி வால்வைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “இதுல வால்டியூப் எங்கன இருக்கு?” என்றார். எங்கேயும் இல்லை. அவரிடம் இருந்ததெல்லாம் வால்டியூப் என்கிற சின்ன ரப்பர்க் குழாயை வால்வில் போடுகிற பழைய சைக்கிளுக்கான சாமான். பத்து, இருபது ரூபாய்க்குக் கிடைக்கும் பித்தளை அடாப்டர் ஒன்று என் பையில் இருந்திருந்தால் ஏழு கிலோமீட்டர் உருட்டிக்கொண்டு நடந்திருக்க வேண்டாம். இப்போது அது வால்விலேயே மாட்டியிருக்கிறது. ஆனால் வீல் பெண்டு எடுக்கவோ, செயினில் கண்ணி தட்டவோ அந்த மாதிரிக் கடைகளை விட்டால் வேறு ஆளில்லை. மரியாதையாகப் பேசினால், நாலு பேர் கூடிநின்று யோசித்தாவது சரிசெய்து அனுப்புவார்கள்.

சாலையைக் கண்டுபிடிப்பது

நம் ஊரில் பாதை போட்டவர்கள் முதலில் பார்த்தது தண்ணீரைத்தான். தாமிரபரணியில் கோடைமேலழகியான், நதியுண்ணி, கன்னடியன், அரியநாயகிபுரம், பழவூர், சுத்தமல்லி, மருதூர், ஸ்ரீவைகுண்டம் என்று எட்டு அணைக்கட்டுகள் இருக்கின்றன. அணைக்கட்டிலிருந்து கால்வாய், கால்வாயிலிருந்து குளம், அந்தக் குளம் நிரம்பி வழிகிற மறுகாலிலிருந்து அடுத்த குளம் என்று தண்ணீர் போகும். ஊர்கள் அந்த வரிசையிலேயே உட்கார்ந்தன. ஒரு ஊரிலிருந்து அடுத்த ஊருக்கு நடந்து போன பாதை குளத்துக்கரையாகவும் வாய்க்கால் கரையாகவும் இருந்தது. பிற்பாடு வந்த பெரிய சாலைகள் இதையெல்லாம் பார்க்காமல் நேராகப் போய்விட்டன. லாரியும் பஸ்ஸும் அங்கே போய்விட, தண்ணீரோடு வளைந்து வளைந்து போகிற கரைச்சாலை சைக்கிள்காரனுக்கு மிச்சமானது.

அதனால் மேப்பைத் திறந்ததும் சாலையைத் தேடாதீர்கள். செயற்கைக்கோள் படத்துக்கு மாற்றி, பிறைநிலா மாதிரி வளைந்திருக்கும் குளங்களைத் தேடுங்கள். அந்த வளைவின் மேல் மெல்லிய கோடு ஓடினால் அதுதான் கரைச்சாலை. இரண்டு மூன்று குளங்களின் கோடுகளைச் சேர்த்தால் ஒரு சுற்று கிடைத்துவிடும். சிக்னல் எல்லா இடத்திலும் நன்றாக இருக்காது, மலையடிவாரத்தில் சுத்தமாகப் போய்விடும். போகிற பகுதியின் மேப்பை முந்தின நாளே போனில் இறக்கி வையுங்கள்.

நேரில் போனதும் மைல்கல்லைப் பாருங்கள். மஞ்சள் தலைக் கல் தேசிய நெடுஞ்சாலை, பச்சைத் தலைக் கல் மாநில நெடுஞ்சாலை. இரண்டும் நமக்கு வேண்டாம், கடக்கிறதற்கு மட்டும். கறுப்புத் தலை மாவட்டச் சாலை, அது பரவாயில்லை. ஆரஞ்சுத் தலைக் கல் தென்பட்டால் கிராமச் சாலை, மனசு லேசாகிவிடும். பிரதமரின் கிராமச் சாலைத் திட்டத்தில் போட்ட சாலை என்றால் தொடக்கத்திலேயே ஒரு பலகை நிற்கும். எந்த ஊரிலிருந்து எந்த ஊருக்கு, மொத்தம் எத்தனை கிலோமீட்டர் என்று அதில் எழுதியிருப்பார்கள். சைக்கிள்காரனுக்கு அதைவிட நல்ல தகவல் பலகை கிடையாது.

கடைசியாக டீக்கடையில் ஒரு கேள்வி: “இந்தப் பாதையில பஸ் போகுமா?” ‘மினிபஸ் மட்டும் வரும்’ அல்லது ‘காலையில ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணு’ என்று பதில் வந்தால் தைரியமாகத் திரும்பலாம். ‘பஸ்ஸே வராது’ என்றால் கொஞ்சம் யோசியுங்கள். பாலம் உடைந்திருக்கலாம். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையில் குளங்கள் உடைந்து எத்தனை ஊர்ப் பாதைகள் அறுந்தன என்பது இங்கே எல்லாருக்கும் ஞாபகம் இருக்கிறது. குவாரி எங்காவது பக்கத்தில் இருக்கிறதா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். மேப்பில் அருமையாகத் தெரிகிற ஒற்றையடித் தார்ச்சாலையில் டிப்பர் லாரி வந்தால் ஒதுங்க இடமிருக்காது.

காற்றும் காலமும்

வெளியூர்க்காரர்கள் எழுதிய வழிகாட்டிகள் நமக்கு உதவாமல் போவது இந்த இடத்தில்தான். நெல்லைச் சீமையில் ஏற்றம் கிடையாது என்று சொல்வார்கள். வாஸ்தவம், பொத்தை என்கிற சின்னப் பாறைக் குன்றுகளைச் சுற்றிக்கொண்டுதான் சாலை போகும், மேலே ஏறாது. ஆனால் ஏற்றத்துக்குப் பதிலாக இங்கே காற்று இருக்கிறது.

ஜூன் முதல் செப்டம்பர் வரை மலையின் கணவாய்களைத் தாண்டி மேற்கிலிருந்து அடிக்கிற காற்றுக்காகத்தான் பணகுடி, ராதாபுரம் பக்கமெல்லாம் காற்றாலை நட்டிருக்கிறார்கள். ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள், சைக்கிள் எம்மாத்திரம். இந்த மாதங்களில் ஒரே விதிதான். போகும்போது மேற்கே, திரும்பும்போது கிழக்கே. விடியற்காலையில் காற்று சற்று அடங்கியிருக்கும், அந்த நேரத்தில் எதிர்க்காற்றை முடித்துவிட வேண்டும். வெயில் ஏறிக் களைத்துத் திரும்பும்போது அதே காற்று முதுகில் கை வைத்துத் தள்ளும். நான் ஒருதரம் மாற்றிச் செய்தேன். காலையில் கிழக்கே சீவலப்பேரிக்கு ஒய்யாரமாகப் போனேன், இருபத்தைந்து கிலோமீட்டர் வேகத்தில். என் கால் பலம் என்றே நினைத்தேன். திரும்பும்போதுதான் தெரிந்தது யார் பலம் என்று.

டிசம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரி வரை பொற்காலம். பிசானம் என்கிற மழைக்கால நெற்பயிர் பச்சையாக நிற்கும், கால்வாயில் தண்ணீர் ஓடும், குளங்கள் நிரம்பியிருக்கும், ஒன்பது மணி வரை வெயில் உறைக்காது. ஐப்பசி, கார்த்திகை மழையில் தார்ச்சாலையை விட்டு இறங்க வேண்டாம். அதிலும் மானூர், கங்கைகொண்டான் பக்கம் கரிசல். அந்த மண் சக்கரத்துக்கும் ஃபோர்க்குக்கும் நடுவில் அப்பிக்கொண்டால் சைக்கிளைத் தோளில் தூக்கத்தான் வேண்டும். தரைப்பாலத்தின் மேல் தண்ணீர் ஓடினால், முழங்கால் அளவாக இருந்தாலும் திரும்பிவிடுங்கள். சித்திரை, வைகாசியில் எட்டு மணிக்குள் வீட்டில் இருக்கிற மாதிரித் திட்டம் போட்டால் போதும். பதநீரும் நுங்கும் கிடைக்கிற காலம் என்பதால் அதையும் முழுசாக விட்டுவிட எனக்கு மனசில்லை.

சில நாட்களை மட்டும் காலண்டரில் அடித்து வையுங்கள். பங்குனி உத்திரத்தன்று நெல்லைக்காரர்கள் எல்லாரும் தங்கள் சாஸ்தா கோயிலைத் தேடிப் போவார்கள். அந்தக் கோயில்கள் இருப்பதோ நாம் தேடுகிற அதே குளத்துக்கரைகளிலும் காட்டோரங்களிலும். வருஷம் முழுக்க ஆளில்லாத சாலையில் அன்றைக்கு வேன் வரிசை நிற்கும். ஆடி அமாவாசையை ஒட்டிப் பாபநாசம் சாலை சொரிமுத்து அய்யனார் கோயில் கூட்டத்துக்குச் சொந்தம். குற்றால சீசனில் தென்காசிச் சாலையின் பக்கமே தலைவைக்காதீர்கள்.

முதல் ஓட்டம்: ஆற்றுக்குத் தெற்கே

முதல் நாளுக்கு 20 கிலோமீட்டர் தாராளம். சேரன்மகாதேவியில் தொடங்குங்கள். சேர்மாதேவி என்று கேட்டால்தான் வழி சொல்வார்கள். பாளையங்கோட்டையிலிருந்தே மிதித்து வருவதென்றால் மேலப்பாளையம், முன்னீர்பள்ளம், தருவை வழியாக வரும் அம்பாசமுத்திரம் சாலையில் பஸ்களோடு போராட வேண்டும். புதியவர்களுக்கு அது வேண்டாம், காரின் பின்சீட்டை மடக்கி ஏற்றிக்கொண்டு வாருங்கள். கொஞ்சம் பழகியவர்கள் விடியுமுன் விளக்குப் போட்டுக்கொண்டு கிளம்பி, முதல் பஸ் நெரிசலுக்கு முன்னால் கோபாலசமுத்திரம் விலக்கில் ஆற்றுப் பக்கமாக இறங்கிவிடலாம். நான் அப்படித்தான் செய்கிறேன்.

சேர்மாதேவியிலிருந்து மேற்கே காருகுறிச்சி, வீரவநல்லூர், வெள்ளாங்குழி, கல்லிடைக்குறிச்சி என்று ஊர்கள் வரிசையாக இருக்கின்றன. கல்லிடைக்குறிச்சிப் பக்கம் ஆற்றிலிருந்து பிரிகிற கன்னடியன் கால்வாய் இந்த வரிசையைத் தொட்டுக்கொண்டு எதிர்த்திசையில், அதாவது கிழக்கே ஓடி வருகிறது. பெரிய சாலையும் ரயில் பாதையும் இதே வரிசையில் போனாலும், ஊருக்குள் நுழைந்து கால்வாயைப் பார்த்து இறங்கினால் வயலுக்கு நடுவே போகிற சின்னச் சாலைகள் அகப்படும். கால்வாயில் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறதோ அது கிழக்கு. வழி தப்பினால் அது போதும், காம்பஸ் வேண்டாம்.

ஒரு புறம் வயல், மறுபுறம் வாழைத்தோப்பு, அதற்கு மேலே நீலமாக மலை. வேகமாகப் போக வேண்டிய சாலை இல்லை இது. காருகுறிச்சியில் சூளையில் அடுக்குவதற்காகப் பானைகளை வெயிலில் காயவைத்திருப்பார்கள். நாதஸ்வரம் அருணாசலத்தின் ஊர் என்று தெரிந்தவர்கள் இரண்டு நிமிஷம் நிற்பார்கள். இந்த ஓட்டத்தை வீரவநல்லூரோடு முடித்துத் திரும்பினால் 20 கிலோமீட்டர் கணக்குச் சரியாக வரும்.

மறுவாரம் அதே சேர்மாதேவியிலிருந்து கிழக்கே, பத்தமடை, கோபாலசமுத்திரம். கோரைப்பாய்க்குப் புவிசார் குறியீடு வாங்கிய ஊர் பத்தமடை. பாய் பிடித்தால் வாங்குங்கள், ஆனால் கேரியரில் குறுக்காகக் கட்டாதீர்கள். சொல்ல வேண்டியதில்லை என்று நினைப்பீர்கள். நான் கட்டிக்கொண்டு வந்து ஒரு ஆட்டுக்குட்டியை இடித்திருக்கிறேன்.

மூன்றாவது ஓட்டம் திருப்புடைமருதூர். வீரவநல்லூரிலிருந்து வடக்கே ஆற்றை நோக்கிப் போகிற சாலை. கடனாநதி தாமிரபரணியோடு சேருகிற இடத்தில் நாறும்பூநாதர் கோயில், அதன் கோபுர மாடங்களில் பழைய சுவரோவியங்கள், ஆற்றங்கரையில் பெரிய பெரிய மருத மரங்கள். மரங்களில் கூடு கட்டுகிற பறவைகளுக்காக 2005இல் அரசு இதைப் பறவைகள் பாதுகாப்புப் பகுதியாக அறிவித்தது. கோயிலுக்குள் போகிற எண்ணமிருந்தால் பையில் ஒரு வேட்டியோ பேண்டோ இருக்கட்டும். இறுக்கமான சைக்கிள் காற்சட்டையோடு ஊருக்குள் நடந்தால் பிள்ளைகள் கூட்டம் பின்னாலேயே வரும். படித்துறைகளில் பெண்கள் குளித்துக்கொண்டிருப்பார்கள், ஹெல்மெட்டில் கேமரா மாட்டியிருந்தால் ஆற்றுப் பக்கம் வரும்போது அணைத்துவிடுங்கள்.

பறவைகளைப் பார்க்க: கூந்தன்குளம்

40 கிலோமீட்டர் பழகியவர்களுக்கு அடுத்தது இது. திருநெல்வேலியிலிருந்து மூலைக்கரைப்பட்டி வழியாக ஒரு வழிக்கே சுமார் 35 கிலோமீட்டர், அதனால் பாதித் தூரத்தைக் காரில் கழித்துவிடுவது நல்லது. நாங்குநேரிப் பக்கமிருந்து வந்தால் தூரம் குறைவு. இந்தப் பக்கம் ஆற்றுப்பாசன ஊர்கள் மாதிரிப் பச்சையாக இருக்காது. செம்மண், பனை, உடைமரம், நடுநடுவே மானாவாரிக் காடு. நிழல் கிடையாது என்பதால் தண்ணீரை இரட்டிப்பாக எடுங்கள், ஒரு மணி நேரத்துக்கு முக்கால் லிட்டர் என்று கணக்கு.

இந்த வறண்ட நாட்டில் பறவைகளுக்கு என்ன வேலை? மறுபடியும் தண்ணீர்தான். 1958இல் கட்டி முடித்த மணிமுத்தாறு அணையின் கால்வாய்த் தண்ணீர் இவ்வளவு தூரம் வந்து கூந்தன்குளத்தையும் காடன்குளத்தையும் நிரப்புகிறது. 1994இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டு, இன்று உலக அளவில் முக்கியமான சதுப்புநிலங்களின் ராம்சர் பட்டியலிலும் இடம்பெற்ற குளம் இது. மார்கழி, தையில் போனால் மத்திய ஆசியாவிலிருந்து வந்த வரித்தலை வாத்துகளைப் பார்க்கலாம், அதிர்ஷ்டம் இருந்தால் பூநாரையும் நிற்கும். கூழைக்கடாவும் கரண்டிவாயனும் மஞ்சள்மூக்கு நாரையும் ஊருக்குள்ளேயே வீட்டு மரங்களில் கூடு கட்டும். பறவை மிரளும் என்று தீபாவளிக்கு வெடி போடாத ஊர். அப்படிப்பட்ட இடத்தில் நீங்கள் மணி அடித்துக்கொண்டும் ஸ்பீக்கரில் பாட்டுப் போட்டுக்கொண்டும் நுழையக் கூடாது. ஊர் எல்லையிலேயே இறங்கி உருட்டிக்கொண்டு போங்கள்.

இந்தச் சாலையில்தான் ஒரு பெரியவர் என்னை நிறுத்தி, “எய்யா, எங்கேருந்து வாரிய?” என்று கேட்டார். பாளையங்கோட்டை என்றேன். சைக்கிளை மேலும் கீழும் பார்த்தார். “பஸ்ஸு கிடைக்கலியா?” என்றார். சும்மாதான் வந்தேன் என்று விளக்கினேன். அவருக்கு அது பிடிபடவில்லை. ஆனாலும் பக்கத்திலிருந்த விடிலியிலிருந்து, அதாவது பனையேறிகளின் ஓலைக் குடிசையிலிருந்து, ஒரு செம்பு பதநீர் வாங்கித் தந்தார். காசு கொடுத்தபோது கோபித்துக்கொண்டார்.

காட்டோரம்: களக்காடு, திருக்குறுங்குடி, சிவசைலம்

காட்டுக்குள் ஓட்டலாமா என்றுதான் எல்லாரும் முதலில் கேட்கிறார்கள். என் பதில், வேண்டாம். களக்காடு–முண்டந்துறை புலிகள் காப்பகம் 1988இல் அமைந்தது, தமிழ்நாட்டின் முதல் புலிகள் காப்பகம். பாபநாசத்துக்கு மேலே காரையாறு, மணிமுத்தாற்றுக்கு மேலே மாஞ்சோலை, இந்த இரண்டு சாலைகளும் அதற்குள் போகின்றன. இரண்டிலும் வனத்துறைச் சோதனைச் சாவடி உண்டு. யார் போகலாம், எந்த வண்டியில் போகலாம், எத்தனை மணிக்குள் திரும்ப வேண்டும் என்பதை அவர்கள்தான் முடிவு செய்வார்கள். சைக்கிளுக்குப் புகை கிடையாது, சத்தம் கிடையாது, ஆகவே விடுவார்கள் என்று நீங்களாக நினைத்துக்கொள்ளாதீர்கள். சத்தமில்லாமல் வருவதுதான் ஆபத்தே. லாரி வருவது யானைக்குத் தூரத்திலேயே தெரியும், வளைவில் திரும்பி வருகிற சைக்கிள் தெரியாது. மாஞ்சோலைச் சாலை செங்குத்தும் ஜல்லியுமாக வேறு இருக்கிறது. இறங்கும்போது பிரேக் பிடித்துப் பிடித்தே கை மரத்துப் போகும்.

காட்டை அதன் ஓரத்திலிருந்து பார்க்கிற சாலையே நமக்குப் போதும். அதில் எனக்கு ரொம்பப் பிடித்தது களக்காட்டிலிருந்து தெற்கே மாவடி, மலையடிபுதூர் பக்கமாகத் திருக்குறுங்குடிக்குப் போகிற சாலை. போய்வர 25 கிலோமீட்டர் போல வரும். பஸ் ஓடுகிற சாலைதான். ஆனால் நாகர்கோவில் போகிற வண்டியையெல்லாம் கிழக்கே நாலுவழிச் சாலை இழுத்துக்கொண்டதால் இங்கே மிஞ்சியது உள்ளூர்ப் போக்குவரத்து மட்டும். வலது கைப் பக்கம் வழி நெடுக மலை, இடது பக்கம் வாழை. ஏத்தன் வாழைத்தார் ஏற்றிக்கொண்டு வருகிற, ‘குட்டியானை’ என்று நாம் சொல்லும் சின்னச் சரக்கு வேன்கள்தான் அதிகபட்ச நெரிசல். களக்காட்டில் தொடங்குவதால் வாழைப்பழத்துக்குப் பஞ்சமில்லை. நாலு பழத்தைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டால் காலைச் சாப்பாடு முடிந்தது. கடைகளில் விற்கிற எனர்ஜி ஜெல்லை நான் ஒருமுறை சாப்பிட்டுப் பார்த்தேன். மருந்து மாதிரி இருந்தது.

திருக்குறுங்குடியில் நம்பி கோயில், அகலமான மாடவீதி, நிழல். நூற்றெட்டு திவ்ய தேசங்களில் ஒன்று. மலை நம்பி கோயில் மேலே காட்டுக்குள் இருக்கிறது, அதுவும் வனத்துறை எல்லை. கீழேயே இருந்துவிட்டு வாருங்கள்.

வடக்கே இன்னொன்று, ஆழ்வார்குறிச்சியிலிருந்து சிவசைலம். 6 கிலோமீட்டர் போலத்தான், குழந்தைகளையும் கூட்டிப் போகலாம். இன்னும் கொஞ்சம் மேற்கே போனால் கடனா அணை. மாவட்டக் கணக்கில் 2019இலிருந்து இது தென்காசி, ஆனால் தண்ணீர்க் கணக்கில் இன்னும் நம்ம ஊர்தான். நீங்கள் திருப்புடைமருதூரில் பார்த்த கடனாநதி இங்கேயிருந்துதான் வருகிறது.

மலையடிவாரச் சாலைகளுக்கு ஒரு கண்டிப்பான நேரக் கட்டுப்பாடு உண்டு. நன்றாக விடிந்த பிறகு கிளம்பி, பொழுது சாய்வதற்கு ஒரு மணி நேரம் முன்பே ஊருக்குள் வந்துவிட வேண்டும். அடிவாரத் தோட்டங்களுக்குக் கரடி இறங்குவது சகஜம், சிறுத்தையும் வருகிறது. தோட்டத்துக் காவல்காரர் ‘இன்னைக்கு வேண்டாம்’ என்று சொன்னால் காரணம் கேட்காமல் திரும்புங்கள். தனியாகப் போகாமல் இரண்டு பேராகப் போவது நல்லது. எந்தச் சாலையில் போகிறோம், எத்தனை மணிக்குத் திரும்புவோம் என்று வீட்டில் எழுதி வைத்துவிட்டுப் போங்கள். அருவியோ அணையோ கண்டதும் குளிக்கத் தோன்றும். சேர்மாதேவியில் குருகுலம் நடத்திய வ.வே.சு. ஐயர், 1925இல் பாபநாசத்து அருவியில் தவறி விழுந்த மகளைக் காப்பாற்றப் போய் இறந்தவர். அங்கே பாறை வழுக்கும் விதம் அதற்கப்புறம் மாறிவிடவில்லை.

சாலையில் எதிர்ப்படுபவை

நாய்கள் முதலில். ஊர் நாய் குரைப்பதோடு சரி. அறுவடை முடிந்த வயலில் ஆட்டுக்கிடை போட்டிருந்தால் அந்தக் காவல் நாய்கள் வேறு ரகம். வேகமாக மிதித்துத் தப்பிக்கப் பார்த்தால் துரத்தும். இறங்குங்கள், நாய்க்கும் உங்களுக்கும் நடுவில் சைக்கிள் இருக்கட்டும், பேசிக்கொண்டே நடங்கள். ஆடு மேய்க்கிற கீதாரி ஒரு குரல் கொடுத்தால் அடங்கிவிடும்.

மாசி, பங்குனியில் பிசான அறுவடை. அப்போது கிராமத்துச் சாலையில் பாதி களமாகிவிடும். நெல்லைக் காயப்போட்டு, வண்டி ஏறாமலிருக்கச் சுற்றிலும் கல் அடுக்குவார்கள். நெல்லை அள்ளிக்கொண்டு போகும்போது கல்லை அள்ள மறந்துவிடுவார்கள். அரையிருட்டில் அந்தக் கல்லில் முன்சக்கரம் ஏறினால் கீழேதான். வைக்கோல் பரப்பியிருந்தால் அதன் மேல் ஓட்டாதீர்கள். ஒரு பிரி வைக்கோல் பின்சக்கரத்து ஃப்ரீவீலில் சுற்றிக்கொண்டால், கத்தியும் பொறுமையும் வைத்து அரைமணி நேரம் அறுக்க வேண்டியிருக்கும். நெல்லின் மேல் ஓட்டாமலிருப்பது மரியாதை என்பது தனி.

கோயில் கொடைவிழா நடக்கிற ஊரில் சாலையை மறித்துப் பந்தல் போட்டிருப்பார்கள். சுற்றிப் போக வழி கேட்டால், ‘சாப்பிட்டுட்டுப் போங்க’ என்றுதான் பதில் வரும். சாப்பிட்டுவிட்டே போகலாம். அன்றைக்கு மிச்ச தூரம் மெதுவாகத்தான் நகரும்.

வீடு திரும்பியதும் குளிக்கப் போகுமுன் ஒரு வேலை இருக்கிறது. செயினை உலர்ந்த துணியால் துடைத்து ஆற்றுமணலை எடுங்கள், இரண்டு சொட்டு எண்ணெய் விடுங்கள். அப்புறம் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, சக்கரத்தை மெதுவாகச் சுற்றி, டயர் முழுக்க விரலால் தடவிப் பாருங்கள். உடைந்த கருவேல முள்ளின் நுனி எங்காவது புதைந்திருக்கும். காற்று இன்னும் இறங்கியிருக்காது, ஆனால் அடுத்த ஞாயிற்றுக்கிழமை சரியாகக் கோபாலசமுத்திரம் விலக்குத் தாண்டியதும் இறங்கும். ஊக்கால் நெம்பி எடுத்துவிட்டு, முள்ளைக் குப்பையில் போடுங்கள், முற்றத்தில் வேண்டாம்.